'பார்த்துக்கொள்கிறேன்' என்று சொன்ன பிறகு

நண்பர்களை நம்பி நாம் ஒப்படைப்பவை சின்னச் சின்ன விஷயங்களாகத்தான் தொடங்கும். ஊருக்குப் போகும் இரண்டு வாரத்துக்கு வீட்டுச் சாவி. வேலை முடியத் தாமதமானால் பாலர் பள்ளியிலிருந்து பிள்ளையை அழைத்து வரும் பொறுப்பு. சம்பளம் வந்ததும் ஊருக்கு அனுப்பவேண்டிய பணம். பிறகு ஒருநாள் பெரிய ஒப்படைப்பு ஒன்று வரும். மருத்துவமனைப் படுக்கையில் இருப்பவர், "எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்" என்பார். பக்கத்தில் நிற்பவர் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்பார்.

ஜூரோங் வட்டாரத்துக்கு இந்தச் சொல் நன்கு பழக்கமானது. 1961ல் சதுப்பு நிலத்தைத் திருத்தித் தொழிற்பேட்டை அமைக்கும் வேலை இங்கே தொடங்கியது. அப்போதைய நிதி அமைச்சர் கோ கெங் சுவீயின் அந்தத் திட்டம் பலிக்குமா என்று பலரும் சந்தேகப்பட்டார்கள். ஆலைகளும் கப்பல் பட்டறைகளும் எழுந்தன. வேலை தேடி வந்தவர்களுக்கு உற்றார் உறவினர் பக்கத்தில் இல்லாதபோது, உடன் வேலை செய்தவரும் அடுத்த வீட்டாருமே உறவானார்கள். இன்றும் அப்படித்தான். கப்பல் பட்டறை ஊழியரின் தங்குவிடுதியிலும், கணினித் துறையில் வேலை செய்யும் இளம் தம்பதியின் அடுக்குமாடி வீட்டிலும் அவசரத்துக்கு முதலில் அழைக்கப்படுபவர் பெரும்பாலும் ஒரு நண்பர்தான்.

வாக்குக் கொடுக்கும் நேரத்தில் யாருக்கும் சந்தேகம் இருப்பதில்லை. கேட்டவர் மறைந்து, பத்து ஆண்டுகள் ஓடிய பிறகு அந்த வாக்கு எங்கே நிற்கிறது என்பதுதான் கேள்வி. 'ஏன் செய்யவில்லை' என்று கேட்க அவர் வரப்போவதில்லை. கிறிஸ்தவ வேதம் இந்தக் கேள்வியை ஒரு நட்பின் கதையாகச் சொல்கிறது. அதே கேள்விக்கு ஒரு மனிதர் வாழ்ந்து காட்டிய பதில் நம் தஞ்சாவூரிலேயே இருக்கிறது.

வில்லும் வாளும் கச்சையும்

தாவீதும் யோனத்தானும் நண்பர்களாக இருக்க நியாயமே இல்லை. யோனத்தான், இஸ்ரவேலின் முதல் அரசர் சவுலின் மகன், பட்டத்துக்கு உரியவர். தாவீது ஆடு மேய்த்த இளைஞர். கோலியாத்தை வீழ்த்திய பிறகு மக்கள் தாவீதைக் கொண்டாடினார்கள். சவுலுக்கு அது பொறாமையாக வளர்ந்தது. இந்த இளைஞரால் தம் மகனின் சிம்மாசனம் போய்விடும் என்று அவர் அஞ்சினார். அந்தக் கணக்குப்படி பார்த்தால், தாவீதை முதலில் வெறுத்திருக்க வேண்டியவர் யோனத்தான்தான்.

அவரோ தம் மேலாடையையும் வாளையும் வில்லையும் கச்சையையும் கழற்றித் தாவீதிடம் கொடுத்தார். ஓர் இளவரசர் தம் அடையாளத்தையே எடுத்துக் கொடுத்ததற்குச் சமம் அது. தந்தை கொல்லத் துடித்தபோது, வயல்வெளியில் அம்பெய்து அடையாளம் காட்டி நண்பரைத் தப்பவைத்தார். அப்போது இருவரும் கடவுள் முன்னிலையில் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டார்கள். யோனத்தான் கேட்டது ஒன்றுதான்: நான் இருந்தாலும் இறந்தாலும், என் வீட்டாரிடம் உன் தயவு அற்றுப்போகக்கூடாது.

தமிழ் வேதாகமத்தில் 'தயவு' என்று வரும் இந்தச் சொல்லுக்கு மூலமான எபிரேயச் சொல் 'கெசெத்'. இரக்கம் என்று மட்டும் அதைப் புரிந்துகொண்டால் பாதிதான் புரியும். உடன்படிக்கையால் வரும் மாறாத விசுவாசமும் அதில் அடங்கும். மனம் இளகும் நேரத்தில் வந்து, வேலை மிகுந்த நேரத்தில் மறைந்துவிடும் இரக்கத்தை அந்தச் சொல் குறிக்காது.

தாமதமாக வந்த விசாரிப்பு

கில்போவா மலைப் போரில் சவுலும் யோனத்தானும் ஒரே நாளில் இறந்தார்கள். அந்தச் செய்தி வந்தபோது யோனத்தானின் மகன் மேவிபோசேத்துக்கு ஐந்து வயது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிய தாதியின் கையிலிருந்து விழுந்து அவனுக்கு இரண்டு கால்களும் முடமாயின.

ஆட்சி கைமாறும்போது, பழைய அரசரின் வாரிசுகளைத் தேடிக் கொல்வது அக்கால வழக்கம். ஆகவே லோதேபார் என்ற ஊரில், மாகீர் என்பவரின் வீட்டில் மேவிபோசேத் வளர்ந்தார். தாவீது அரசரானார், எருசலேமைப் பிடித்தார், போர்களை வென்றார். அதற்குப் பிறகுதான், யோனத்தானை முன்னிட்டு நான் தயவு காட்ட சவுலின் வீட்டாரில் யாராவது மிஞ்சியிருக்கிறார்களா என்று விசாரித்தார். அதற்குள் மேவிபோசேத்துக்கே ஒரு சின்ன மகன் இருந்தான். அப்படியானால் எத்தனை ஆண்டுகள் கடந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

வேதம் இந்தத் தாமதத்தை மறைக்கவில்லை. அதற்குச் சமாதானமும் சொல்லவில்லை. தாமதமாகக் கேட்டாலும் தாவீது முழுமையாகச் செய்தார் என்பதைச் சொல்கிறது. பயந்தபடி வந்து விழுந்து வணங்கிய மேவிபோசேத்துக்குத் தாத்தாவின் நிலங்கள் அத்தனையும் திரும்பக் கிடைத்தன. அரசரின் பிள்ளைகளோடு பந்தியில் தினமும் அவருக்கு ஓர் இடமும் கிடைத்தது. நிலத்தைக் கொடுத்துக் கணக்கை முடித்துக்கொள்வது சுலபம். தினம் ஒருவரோடு உட்கார்ந்து சாப்பிடுவதற்கு உறவு வேண்டும்.

பிற்காலத்தில் அந்த உறவிலும் ஒரு கீறல் விழுந்தது. மேவிபோசேத் துரோகம் செய்துவிட்டார் என்று வேலைக்காரர் சீபா சொன்னதைத் தாவீது விசாரிக்காமலே நம்பி, நிலத்தையெல்லாம் சீபாவுக்கே கொடுத்தார். உண்மை வேறு என்று மேவிபோசேத் நேரில் வந்து சொன்ன பிறகு, நிலத்தைப் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்ளச் சொன்னார். நல்லவர்கள் கொடுத்த வாக்கும் காதில் விழும் பேச்சால் பழுதாகலாம். ஆனாலும் பின்னர் ஒருமுறை சவுலின் வழிவந்தவர்கள் உயிரிழக்க நேர்ந்தபோது, யோனத்தானுக்குக் கொடுத்த ஆணையை நினைத்து மேவிபோசேத்தை மட்டும் தாவீது தப்பவைத்தார்.

தமிழருக்கு இந்தக் கதையின் சாயல் அந்நியமாகத் தெரியாது. மூவேந்தரால் பறம்பு மலை வீழ்ந்து பாரி இறந்த பிறகு, அவர் மகள்களைத் தம் பொறுப்பாக ஏற்று அரசர் அரசராகக் கபிலர் அலைந்ததைப் புறநானூறு பதிவு செய்திருக்கிறது. அந்தப் பெண்களை அங்கவை, சங்கவை என்று பிற்கால மரபு அழைக்கும். நண்பர் விட்டுச்சென்ற பிள்ளைகளுக்காகப் புலவர் ஒருவர் வாசல் வாசலாக ஏறி இறங்கினார். புதிய ஏற்பாட்டிலும் ஓர் ஒப்படைப்பு உண்டு. சிலுவையில் உயிர் பிரியும் நேரத்தில் இயேசு தம் தாயைத் தம் அன்புச் சீடரிடம் ஒப்படைத்தார். அந்த நேரம் முதல் சீடர் அவரைத் தம் வீட்டில் ஏற்றுக்கொண்டார் என்று யோவான் நற்செய்தி சொல்கிறது.

தஞ்சையில் ஒரு பாதிரியார்

கிறிஸ்டியன் பிரெடரிக் சுவார்ட்ஸ் 1726ல் அன்றைய பிரஷ்ய நாட்டின் சொன்னென்பர்க் என்ற சிற்றூரில் பிறந்தார். அவரே ஒரு மரணப்படுக்கை வாக்கின் பிள்ளை. சிறுவயதிலேயே தாயை இழந்தவர் அவர். இந்தப் பிள்ளையைக் கடவுளுக்கு அர்ப்பணித்திருக்கிறேன், அவன் இறைப்பணிக்குப் போக விரும்பினால் தடுக்காதீர்கள் என்று தாய் இறக்கும்முன் தம் கணவரிடமும் சபைப் போதகரிடமும் வாக்கு வாங்கினார் என்று அவருடைய வாழ்க்கை வரலாறு கூறுகிறது.

ஹாலே நகரில் படிக்கும்போதே அவர் தமிழ் கற்கத் தொடங்கினார். 1750ல் தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்தார். பிறகு திருச்சிராப்பள்ளி, 1778 முதல் தஞ்சாவூர். அங்கேயே அவர் வாழ்நாள் கழிந்தது. திருமணம் செய்துகொள்ளவில்லை. தமிழோடு மராத்தி, பாரசீகம், உருது ஆகியவற்றிலும் பேசுவார்.

அவர் சொல்லுக்கு இருந்த மதிப்பை இரண்டு நிகழ்ச்சிகள் காட்டும். 1780களின் தொடக்கத்தில் ஹைதர் அலியின் படையெடுப்பால் தஞ்சையில் பஞ்சம். கோட்டைக்குள் மக்கள் பட்டினியால் மடிந்தார்கள். வெளியே நெல் இருந்தது. ஆனால் அதைக் கொண்டுவர விவசாயிகள் மறுத்தார்கள். முன்பு கொடுத்ததற்கே அவர்களுக்குப் பணம் வந்து சேரவில்லை. கடைசியில் சுவார்ட்ஸ் தம் பெயரில் கடிதம் அனுப்பினார். வரும் மாடுகளில் ஒன்று தொலைந்தாலும் நானே பணம் தருகிறேன் என்றார். ஆயிரம் மாடுகள் வந்தன. 80,000 கலம் நெல் கோட்டைக்குள் சேர்ந்தது. கொண்டுவந்தவர்களுக்குச் சொன்னபடி பணம் கொடுத்தார்.

மற்றொரு சமயம், அதிகாரிகளின் கொடுமை தாங்காமல் 65,000 பேர் தஞ்சை நாட்டை விட்டு வெளியேறினார்கள். திரும்பி வாருங்கள், நியாயம் செய்கிறேன் என்று அரசர் அறிவித்தும் யாரும் நம்பவில்லை. சுவார்ட்ஸ் வாக்குக் கொடுத்தார். ஒரே நாளில் 7,000 பேர் திரும்பினார்கள். மற்றவர்கள் பின்னால் வந்தார்கள்.

இப்படி ஒருவரிடம்தான் துளஜா மன்னர் தம் பிள்ளையை ஒப்படைக்க நினைத்தார்.

முதலில் மறுத்தார்

ஆண்டு 1787. தஞ்சை மராத்திய மன்னர் துளஜா நோய்வாய்ப்பட்டிருந்தார். ஆண் வாரிசு இல்லாததால் போன்ஸ்லே குலத்திலிருந்து ஒரு சிறுவனைத் தத்தெடுத்தார். அந்தச் சிறுவன் சரபோஜி. வயது பத்துகூட நிரம்பவில்லை. சுவார்ட்ஸை அழைத்து, இவன் இனி உங்கள் பிள்ளை, உங்கள் கையில் ஒப்படைக்கிறேன் என்றார் மன்னர்.

சுவார்ட்ஸ் உடனே சரி என்று சொல்லவில்லை. அரண்மனைக்குள் பல பிரிவுகள். தாமோ படையில்லாத ஒரு பாதிரி. காக்க முடியாத பொறுப்பை ஏற்றால் பிள்ளைக்கே ஆபத்து என்று விளக்கினார். உங்கள் சகோதரர் அமர்சிங் இருக்கிறார், பிள்ளையை அவரிடம் ஒப்படையுங்கள், அவர் தகப்பனாக இருந்து பார்த்துக்கொள்ளட்டும் என்று யோசனை சொன்னார். மன்னரும் அதற்கு இசைந்தார். அமர்சிங் பொறுப்பை ஏற்றார். மன்னர் சில நாளில் காலமானார்.

அதன்பின் நிலைமை மாறியது. சரபோஜியின் தத்து செல்லாது என்று ஒரு வழக்கு கிளம்பியது. கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை அரசு பண்டிதர்களிடம் கருத்துக் கேட்டு, அமர்சிங்கையே அரசராக்கியது. தகப்பனாக இருப்பேன் என்றவருக்கு இப்போது அந்தப் பிள்ளையே போட்டியாளன். சரபோஜி வெளிச்சம் குறைந்த இடத்தில் ஏறக்குறைய கைதியாக வைக்கப்பட்டார். படிப்புக்கு ஏற்பாடு இல்லை. வெளியே நடமாடவும் அனுமதி இல்லை.

சுவார்ட்ஸின் இடத்தில் நம்மை வைத்துப் பார்க்கலாம். துளஜா மறைந்துவிட்டார். கேட்டபோது தாம் மறுத்தும் ஆயிற்று. முறைப்படி அவர் மேல் கடமை ஏதும் இல்லை. அவருடைய ஆலயமும் பள்ளிகளும் அமர்சிங்கின் நாட்டுக்குள்தான் இருந்தன. பேசாமல் இருந்துவிட எல்லாக் காரணமும் அவருக்கு இருந்தது.

அவர் பேசாமல் இருக்கவில்லை. சென்னை அரசுக்குத் திரும்பத் திரும்ப எழுதினார். சிறுவனின் பாதுகாப்புக்குக் காவல் வந்தது. படிப்புக்கு ஏற்பாடு நடந்தது. தொல்லை தொடரவே, 1793ல் சரபோஜியும் அரச குடும்பத்து விதவைகளும் சென்னைக்கு மாற்றப்பட்டார்கள். அறுபத்தாறு வயது சுவார்ட்ஸ் உடன் சென்றார். அங்கே கெரிக்கே என்ற பாதிரியாரின் மேற்பார்வையில் படிப்பு தொடர்ந்தது. தத்து செல்லுமா என்ற விவகாரத்தை மறுபடி ஆராயவைத்ததிலும் சுவார்ட்ஸின் விண்ணப்பங்களுக்குப் பெரும் பங்கு உண்டு. இந்த முறை காசிப் பண்டிதர்களின் கருத்தும் கேட்கப்பட்டது. தத்து செல்லும் என்று முடிவானது.

1798 பிப்ரவரி 13ஆம் தேதி, தஞ்சையில் சுவார்ட்ஸ் காலமானார். அடக்க நேரத்தைச் சற்றுத் தள்ளிவைத்தார்கள். சரபோஜி கடைசியாக ஒருமுறை முகம் பார்க்க வேண்டும் என்றார். உடல் மேல் விழுந்து அழுது, பொன்னாடை போர்த்தினார். நான்கு மாதங்கள் கழித்து, ஜூன் மாத இறுதியில், சரபோஜி அரியணை ஏறினார். பதினோர் ஆண்டுகள் உழைத்தவர் அதைப் பார்க்க உயிரோடு இல்லை.

பிரதிபலன் கேட்காத பாதுகாவல்

சுவார்ட்ஸ் ஒரு மதபோதகர். தம் நம்பிக்கையைச் சரபோஜியிடம் அவர் ஒருநாளும் மறைக்கவில்லை. இளவரசரும் அதை ஏற்க வேண்டும் என்ற ஆசை அவருக்கு இருந்தது. ஆனால் பாதுகாவலுக்கு அதை விலையாக வைக்கவில்லை. சரபோஜி கடைசிவரை இந்துவாகவே வாழ்ந்தார். காசி யாத்திரை போனார். பெரிய கோயிலில் தம் குல வரலாற்றை மராத்தியில் கல்வெட்டாகப் பொறிக்கச் செய்தார். சரசுவதி மகால் நூலகத்தின் பெருமைக்கு அவர் சேகரித்த நூல்களும் சுவடிகளும் முக்கியக் காரணம். மருத்துவ ஆராய்ச்சிக்குத் தன்வந்திரி மகால் அமைத்தார், அச்சுக்கூடம் நிறுவினார்.

அதே சரபோஜிதான் லண்டன் சிற்பி ஜான் பிளாக்ஸ்மனிடம் சொல்லி, சுவார்ட்ஸுக்கு ஒரு பளிங்கு நினைவுச் சிற்பம் செய்வித்தார். தஞ்சாவூர் சிவகங்கைப் பூங்காவை ஒட்டிய ஆலயத்தில் அதை இன்றும் பார்க்கலாம். பெரிய கோயிலிலிருந்து நடந்து போகும் தூரம்தான். படுக்கையில் சாய்ந்திருக்கும் முதியவரின் கையைப் பிடித்தபடி இளம் மன்னர் நிற்கிறார். சுவார்ட்ஸைப் போற்றி ஆங்கிலத்தில் தாமே வரிகள் எழுதிக் கல்லில் பொறிக்கவும் செய்தார் சரபோஜி. 1826ல் தஞ்சைக்கு வந்த பேராயர் ஹீபரிடம் பேசியபோதும், அவர் சுவார்ட்ஸைத் தந்தை ஸ்தானத்தில் வைத்தே பேசினார்.

சுவார்ட்ஸின் வளர்ப்பில் இன்னொரு நட்பும் முளைத்தது. திருநெல்வேலியிலிருந்து அவர் அழைத்து வந்து படிக்கவைத்த சிறுவன், பின்னாளில் வேதநாயகம் சாஸ்திரியார் எனப் புகழ்பெற்றார். 'பெத்லகேம் குறவஞ்சி' பாடிய அவரைச் சரபோஜி தம் அரசவைப் புலவராக வைத்துப் போற்றினார். சாஸ்திரியாரின் கீர்த்தனைகள் உலகெங்கும் தமிழ் ஆலயங்களில் ஒலிக்கின்றன. இங்கே கிறிஸ்துமஸ் காலத்தில் பாடும் குடும்பங்களுக்கும் அந்தத் தஞ்சை நட்பின் பங்கு வந்து சேர்ந்திருக்கிறது.

ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சுவார்ட்ஸ் கையில் எடுத்த கருவி கம்பெனியின் அதிகாரம். சரபோஜி முடிசூடிய மறு ஆண்டே, 1799ல், ஒப்பந்தத்தின்படி நாட்டின் நிர்வாகம் கம்பெனியிடம் போய்விட்டது. சுவார்ட்ஸின் விசுவாசம் ஒரு பிள்ளையைக் காத்தது; ஒரு நாட்டைக் காக்கவில்லை. ஒரு மனிதரின் வாக்கால் எது முடியும், எது முடியாது என்பதும் இந்த வரலாற்றில் தெரிகிறது.

காக்கக்கூடாத வாக்கு

கொடுத்த வாக்கு எதுவானாலும் காக்க வேண்டும் என்று வேதம் சொல்வதில்லை. விருந்தில் ஆடிய பெண்ணிடம், எது கேட்டாலும் தருகிறேன் என்று ஏரோது ஆணையிட்டார். அவள் யோவான் ஸ்நானகனின் தலையைக் கேட்டாள். விருந்தினர் முன்னால் சொல்லிவிட்டோமே என்று அதையும் செய்தார் அவர். அங்கே காக்கப்பட்டது ஏரோதின் கௌரவம் மட்டுமே. யெப்தாவின் அவசரப் பொருத்தனை அவருடைய ஒரே மகளைப் பலிகொண்டது.

யோனத்தானைப் பாருங்கள். நண்பரிடம் உண்மையாக இருந்த அவர், தகப்பனின் கொலை எண்ணத்துக்கு உடன்பட மறுத்தார். அதே சமயம் தகப்பனைக் கைவிடாமல் போர்க்களத்தில் அவரோடு நின்று இறந்தார். கண்ணை மூடிக்கொண்டு பின்னால் போவதற்கும் விசுவாசத்துக்கும் தூரம் அதிகம். நண்பரின் கடனை மறைக்கவோ, அவர் மனைவியிடம் பொய் சொல்லவோ நட்பின் பெயரால் கேட்டால், மறுப்பதே நட்பு.

ஆணையிடவே வேண்டாம், ஆம் என்றால் ஆம் என்றே இருக்கட்டும் என்பது மலைப்பிரசங்கத்தில் இயேசுவின் போதனை. பெரிய வார்த்தைகள் தேவைப்படாத அளவுக்கு நம் சாதாரணப் பேச்சு நம்பகமாக இருந்தால் போதும். தஞ்சை விவசாயிகள் சுவார்ட்ஸிடம் சத்தியம் கேட்கவில்லை. அவர் கடிதமே போதுமானதாக இருந்தது.

இன்றைய வீடுகளில்

கத்தோலிக்க, லுத்தரன், ஆங்கிலிக்கன் குடும்பங்களில் ஞானஸ்நானத்தின்போது ஞானப் பெற்றோராக நண்பர்களைத் தேர்ந்தெடுப்பதுண்டு. அந்தப் பிள்ளையை நம்பிக்கையில் வளர்க்கத் துணைநிற்பேன் என்று சபைக்கு முன்னால் அவர்கள் வாக்குக் கொடுக்கிறார்கள். மோதிரம் போட்டுப் படம் எடுத்துக்கொண்ட பிறகு எத்தனை பேர் அந்தப் பிள்ளையின் பிறந்தநாளை நினைவில் வைத்திருக்கிறோம்? பதின்ம வயதில், பெற்றோரிடம் சொல்ல முடியாத ஒன்றைச் சொல்ல அந்தப் பிள்ளைக்கு ஒரு பெரியவர் வேண்டும். ஞானப் பெற்றோர் அதற்காகவே முன்பே நியமிக்கப்பட்டவர்கள்.

ஏற்கும்முன் யோசிப்பதும் விசுவாசம்தான். சுவார்ட்ஸ் முதலில் தயங்கியதில் நேர்மை இருந்தது. 'கவலைப்படாதே, எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று சொல்வதைவிட, 'பிள்ளையின் படிப்பை நான் கவனிக்கிறேன்; ஆண்டுக்கு ஒருமுறை ஊருக்குப் போய் அம்மாவைப் பார்க்கிறேன்' என்று சொல்வது காக்கக்கூடிய வாக்கு.

அடுத்து, எழுதி வைப்பது. தம் சகோதரரின் சொல்லை நம்பிய துளஜா, பிள்ளைக்கு உறுதியான பாதுகாப்பை விட்டுச்செல்ல முடியவில்லை. சிங்கப்பூரில் இன்று அதற்கு வழிகள் உண்டு. பெற்றோர் தங்கள் காலத்துக்குப் பிறகு 21 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு யார் பாதுகாவலர் என்பதை உயிலில் குறிப்பிடலாம். நண்பரையும் நியமிக்கலாம்; ஆனால் அவரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுவது முறை. நாமே முடிவெடுக்க முடியாத நிலைக்குப் போனால் நம் சார்பில் யார் செயல்படுவார் என்பதைத் தீர்மானிக்க, 'எல்பிஏ' எனப்படும் நீண்டகால அதிகாரப் பத்திரம் 2010 முதல் நடப்பில் இருக்கிறது. அதில் பெயர் குறிக்கப்படுபவர் உறவினராகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. 21 வயது நிரம்பிய நம்பகமான நண்பராகவும் இருக்கலாம். மத்திய சேமநிதிப் பணம் உயிலில் அடங்காது. அதற்குத் தனி நியமனம் வேண்டும். திருமணத்துக்குமுன் செய்த நியமனம் திருமணத்தோடு செல்லாததாகிவிடும் என்பதைப் பல இளம் தம்பதிகள் மறந்துவிடுகிறார்கள்.

தங்குவிடுதியில் இருப்பவர்களுக்கு வழி இன்னும் எளிது. அறை நண்பரின் ஊர், வீட்டுத் தொலைபேசி எண், அவருக்கு இருக்கும் நோய், அவர் சாப்பிடும் மருந்து ஆகியவற்றை எழுதி வைத்திருங்கள். உங்களுடையதை அவரிடம் கொடுங்கள். ஒருவர் ஊர் திரும்ப முடியாமல் போகும் நாளில், அவர் குடும்பத்துக்கு நேரான செய்தி அந்தக் காகிதத்தின் வழியாகத்தான் போகும்.

எழுதிவைத்த காகிதமும் ஓரளவுக்குத்தான் உதவும். மேவிபோசேத்துக்கு நிலத்தைவிட அந்தப் பந்தியில் கிடைத்த இடம் பெரிதாக இருந்திருக்கும். மறைந்த நண்பரின் பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் அனுப்புவது நல்லது. தீபாவளிக்கோ கிறிஸ்துமஸுக்கோ அந்தப் பிள்ளையை வீட்டுக்கு அழைத்து, தட்டு வைத்துப் பரிமாறி, அவன் அப்பா இளமையில் அடித்த கூத்துகளைச் சொல்லிச் சிரிக்கவைக்கலாம். தகப்பனைப் பற்றிய அந்தக் கதைகளைச் சொல்ல நண்பரால்தான் முடியும்.

பல ஆண்டுகள் விட்டுப்போயிருக்கலாம். இனிப் போய் நின்றால் என்ன நினைப்பார்கள் என்ற கூச்சம் வரலாம். தாவீதும் தாமதமாகத்தான் கேட்டார். அவர் கேட்டபோது லோதேபாரில் ஒருவர் இருந்தார். நம் நண்பர் விட்டுச்சென்றவர்களும் எங்கோ ஓர் ஊரில், ஒருவேளை நான்கு நிறுத்தம் தள்ளி ஒரு புளோக்கில், இருக்கிறார்கள். அவர்களுடைய எண் இன்னும் நம் கைப்பேசியில் இருக்கும்.